சுத்தியலுக்கு இடமில்லாத பக்கம்

2018 செப்டம்பர் 9, ஞாயிறு

பள்ளி திறந்து முதல் வாரம் ஓடிவிட்டது. இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்து மசித்து வலது தோள் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. சமையலறைக்குப் புதிதாக வந்திருக்கும் அடுப்பு ஒரு பக்கம் கருக்குகிறது, மறுபக்கம் வேகவே மாட்டேன் என்கிறது.

நேற்று சாயங்காலம் பப் மாடியில் எங்கள் பேகன் குழுவின் மாதக் கூட்டம், கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய வழிபாடுகளைத் தொடர்கிறவர்கள் நாங்கள். பதினோரு பேர். கார்டன்தான் தலைவர். ட்ரூயிட், மரத்தடியில் கும்பிடும் பழைய பூசாரி மரபு. முப்பது வருடம் பூகோளம் நடத்தியவர், ஓய்வு பெற்ற பிறகும் எங்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். ஒவ்வொரு வார்டிலும் ஒரு கோப்பு, அதில் மதத்துக்கு ஒரு பக்கம்: என்ன நம்புகிறார்கள், சாகும்போது என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது. பேகன் என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் 'தகவல் இல்லை' என்று இருக்கிறதாம்.

"நாம யாருன்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடுக்கணும். ரெண்டாவது பக்கத்த நர்ஸுங்க திருப்பிப் பாக்க மாட்டாங்களாம்" என்றார் கார்டன்.

எல்லோரும் சொல்லிவைத்தது போல என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பிரின்டர் இருக்கிறது, எனக்கு முடியாது என்று சொல்ல வராது. இந்த இரண்டு தகுதிதான்.

'இயற்கையை வணங்குபவர்கள்' என்று தொடங்கலாமா என்று கேட்டு முடிக்கவில்லை, வில்ஃப் ஆரம்பித்துவிட்டார். "நான் எங்க இயற்கைய கும்பிட்டேன்? நான் கும்பிடுறது இடிசாமி தோர. மழை பெஞ்சா உன்ன மாதிரி நானும்தான் திட்டுவேன்." வில்ஃப் எங்களில் ஹீதன், வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்களின் ஆள். நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர். கழுத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு, தோரின் சின்னமாக, ஓர் இரும்புச் சுத்தியல். அது குளிக்கும்போதும் இறங்காது.

செப்டம்பர் 13, வியாழன்

மூன்று தாள் கிழித்தாயிற்று.

நான் விக்கா பிரிவு. எங்கள் வட்டத்துக்கு ஓர் அம்மனும் கொம்பு வைத்த ஓர் ஐயனும். கார்டனுக்கு ஓக் மரத்தடியும் சூரிய உதயமும். வில்ஃபுக்குத் தெய்வங்கள் ஒரு டஜன், அதில் பாதிப் பேர் ஒருவரோடொருவர் சண்டை. எஸ்மி எந்தக் கூட்டத்திலும் சேராமல் தன் வீட்டு முள்மரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள். கூட்டத்துக்குத் தவறாமல் வரும் பல்டாக்டருக்குத் தெய்வமே கிடையாது, ஆனால் எங்கள் வருடத்தின் எட்டுத் திருநாளையும் விடமாட்டார். எங்களுக்கு ஒரு வேதம் இல்லை, நிறுவியவர் இல்லை, 'நீ எங்கள் ஆள் இல்லை' என்று யாரையும் துரத்த அதிகாரம் உள்ளவரும் இல்லை.

என் கணவர் கீத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "முப்பது வருஷமா அமாவாசை பௌர்ணமின்னு என்னைய விட்டுட்டுப் போறியே, கடைசில நீங்கல்லாம் யாருன்னு உனக்கே தெரியாதா?"

டீ போட்டுத் தரச் சொல்லி விரட்டிவிட்டேன்.

செப்டம்பர் 22, சனி

வில்ஃபின் கராஜில் கொம்பு சுற்று. சம இரவு நாளுக்காக. அவர்கள் ஆறு பேர், விருந்தாளி நான் ஒருத்தி. காரை வெளியே நிறுத்திவிட்டு மேஜை போட்டிருந்தார்கள். வில்ஃபின் மனைவி ஜானிஸ் பன்றிக்கறியும் பட்டாணியும் சமைத்திருந்தாள். என் சமையலைவிட நன்றாக இருந்தது, அவளிடம் சொல்லவில்லை.

அந்தக் கொம்பு ஒரு மாட்டின் இடது கொம்பு. வில்ஃப் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் தன் கையாலேயே கொதிக்க வைத்து, குடைந்து, தேய்த்து எடுத்தது. விளிம்பில் ஒரு சின்ன உடைசல் இருக்கிறது, புதிதாகக் குடிப்பவர்களின் உதட்டை அது ஒரு தடவை கடிக்கும். ஜானிஸ் தோல் வார் பின்னிக் கட்டியிருக்கிறாள். தேன்மது நிரப்பி ஒவ்வொருவராக எழுந்து பேச வேண்டும். முதல் சுற்று தெய்வங்களுக்கு. இரண்டாவது செத்துப்போன நம் ஆட்களுக்கு. மூன்றாவதில் சத்தியம் செய்யலாம்.

மூன்றாவது சுற்றில் எல்லோரும் சின்னச் சின்னதாக ஏதோ சொன்னார்கள். ஒருவர் அண்ணனோடு பேசப் போகிறேன் என்றார். என்னிடம் கொம்பு வந்தபோது எனக்கு உள்ளே இதமாக இருந்தது. எல்லா முகமும் நல்ல முகமாகத் தெரிந்தது. எழுந்து நின்று, "ஆஸ்பத்திரித் தாள்ல உங்களுக்குன்னு ஒரு பத்தி இருக்கும். அது இல்லாம அந்தத் தாள் என் கைய விட்டுப் போகாது" என்றேன்.

வில்ஃப் சிரிக்கவில்லை. "யோசிச்சுத்தான் சொல்றியா, தாயி?"

"பின்ன என்ன, உளறுறேனா?"

"கொம்பு மேல சொன்னது கெணத்துல விழுந்த மாதிரி. திரும்ப எடுக்க முடியாது. தவறிப்போச்சுன்னா உன்னோட நிக்காது. இங்க உக்காந்து குடிச்ச எல்லார் யோகத்துலயும் விழும். முதல்ல விருந்து வைக்கிற வீட்டுக்காரன் மேல. சரின்னு ஒத்துக்கிட்டவன் நான்ல?"

"ஒத்துக்கோங்க" என்றேன். அவர் தலையசைத்தார். குடித்தேன். உதட்டைக் கடித்தது.

எங்கள் வட்டத்திலும் கோப்பை சுற்றும். 'உனக்குப் பசியில்லாதிருக்கட்டும்' என்று சொல்லிக் குடித்துவிட்டு பிஸ்கட் சாப்பிடுவோம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

செப்டம்பர் 23, ஞாயிறு

தலைவலி. தேன்மது இனி வேண்டாம்.

அக்டோபர் 4, வியாழன்

கார்டன் வீட்டில் தாளைப் பற்றிப் பேசினோம். நான்கு பேர். வில்ஃப் வரவில்லை. இருமல் விடவில்லை என்று ஜானிஸ் சொல்லியனுப்பினாள்.

ஹீதன் பத்தியைப் படித்ததும் கார்டன் கண்ணாடியைக் கழற்றினார். போன மாதம் பக்கத்து ஊரில் சில தடியன்கள் இதே சுத்தியலைக் கையில் பச்சை குத்திக்கொண்டு, வந்தேறிகளே ஓடுங்கள் என்று கத்திக்கொண்டு போனார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. "ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். வார்டுல பாதி நர்ஸுங்க வெளிநாட்டுக்காரங்க. வில்ஃப் தங்கமான மனுஷன், எனக்குத் தெரியாதா? ஆனா தாள்ல வில்ஃப் இருக்கப் போறதில்ல, அந்தப் பேருதான் இருக்கப் போகுது" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த என் வட்டத்துத் தலைவி மார்கோவும் தலையாட்டினாள். "அடுத்த வருஷம் சேத்துக்கலாமே டெனிஸ். முதல்ல உள்ள நுழைவோம்."

இதே தடியன்களைப் பற்றி வில்ஃப் கராஜ் கதவில் பெயின்டால் எழுதியே வைத்திருக்கிறார்: 'தோலைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவன் இந்த வாசலைத் தாண்டாதே.' அதைச் சொல்லியிருக்கலாம். சத்தியம் செய்திருக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "எப்படியும் இடமும் பத்தல."

என் கையாலேயே கோடு போட்டு அடித்தேன். ஏழு வரி.

அக்டோபர் 12, வெள்ளி

அனுப்பியாயிற்று. மதகுருமார் அலுவலகத்து பெவர்லி அம்மையார் நன்றி சொல்லி உடனே பதில் போட்டார். லேமினேஷன் செய்து எல்லா வார்டுக்கும் கொடுப்பாராம். கார்டன் பெருமை தாங்காமல் எங்கள் கூட்டத்தார் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். வில்ஃபுக்கும் போயிருக்குமே! பிறகு யோசித்தேன். வில்ஃப் மின்னஞ்சல் திறக்கிற ஆளில்லை. பென்ஷன் கடிதத்தையே ஜானிஸ்தான் பிரிக்க வேண்டும்.

இடம் பத்தவில்லையாம். எங்கள் விக்காக்காரர்களுக்குப் பதினோரு வரி இருக்கிறது. மெழுகுவர்த்தி வேண்டுமானால் பேட்டரி விளக்கு போதும் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறேன். எழுத்தை ஒரு புள்ளி சிறிதாக்கியிருந்தால் ஏழு வரி உள்ளே வந்திருக்கும். இன்றைக்குச் செய்து பார்த்தேன். வருகிறது.

அக்டோபர் 20, சனி

சந்தையில் வில்ஃப். மீன் கடைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். ஆள் பாதியாகியிருக்கிறார்.

"என்ன தாயி, தாள் என்னாச்சு?"

"போயிருச்சு... அச்சுல இருக்கு."

"நம்ம பத்தி?"

"வரும் வரும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பஸ்ஸில் சில்லறை தேடுகிற பயணிக்காகக் காத்திருப்பது போல. பிறகு, "சரி, மீன் வாடுது" என்று போய்விட்டார்.

மீன் எங்கே வாடும்? நான் பொய் சொல்லிவிட்டேன். அதுவும் எவ்வளவு சுலபமாக வந்தது!

அக்டோபர் 31, புதன்

சோவின். செத்தவர்களைக் கூப்பிடும் நாள். மார்கோ வீட்டுத் தோட்டத்தில் வட்டம் போட்டோம். மேற்குத் திசையை நான் அழைக்க வேண்டும், இருபது வருடமாக என் வேலை அது. வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. சளி என்று சொல்லிச் சமாளித்தேன். செத்துப்போன என் அம்மாவைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது.

நவம்பர் 18, ஞாயிறு

ஜானிஸ் போன் செய்தாள். வில்ஃபை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நுரையீரல். சொல்லும்போது அவள் அழவில்லை. எந்த வார்டு என்று சொன்னாள். எழுதிக்கொண்டேன். போகவில்லை.

நவம்பர் 21, புதன்

முதல்ல வீட்டுக்காரன் மேல. அப்படித்தானே சொன்னார்?

நாற்பது வருடம் சிகரெட் பிடித்த மனிதர். நான் சொன்ன ஒரு வார்த்தைக்கும் அவர் நெஞ்சுக்கும் சம்பந்தம் கிடையாது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் கஸ்டர்ட் கிளறும்போது இதை நம்ப முடியவில்லை. அடிப்பிடித்துவிட்டது. இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளும் இன்று வெறும் கேக் தின்றார்கள்.

கீத் கேட்டார், "நீ அவங்க சாமியையே கும்பிடல. அப்புறம் அவங்க சாபம் உன் வழியா எப்படிப் போகும்?"

சாபம் இல்லை. சாபமாக இருந்தால் பரவாயில்லையே. அந்த மனிதர் என்னை நம்பித் தலையசைத்தார்.

நவம்பர் 24, சனி

போனேன். திராட்சை வாங்கிக்கொண்டு.

கழுத்து வெறுமையாக இருந்தது. முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தேன். சுத்தியல் இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு அடையாளம் மட்டும்.

ஜானிஸ் அலமாரியைத் திறந்து ஒரு காக்கிக் கவரைக் காட்டினாள். "எக்ஸ்ரேக்குன்னு கழட்டுனாங்க. திருப்பிப் போடச் சொன்னா, மதச்சின்னம்னா மட்டும்தான் கழுத்துல விடலாமாம். இதுவும் சின்னம்தாம்மான்னேன். அந்தப் பொண்ணு பாவம், கோப்பெடுத்துட்டு வந்து பாத்துச்சு. 'அஞ்சுமுனை நட்சத்திரம்னு போட்டிருக்கு, சுத்தியல்னு எதுவும் இல்லையே'ன்னுருச்சு."

ஐந்துமுனை நட்சத்திரம். என் வரி. தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தேன்.

வில்ஃப் மூச்சுக்கு நடுவே சிரித்தார். "இன்னொரு கூத்தக் கேளு. மதகுரு ஆபீஸ்லேருந்து ஒரு தொண்டர் அம்மா வந்துச்சு. ஒரு கிண்ணத்துல மண்ணக் கொண்டாந்து கைல குடுத்து, கண்ண மூடுங்க, நீங்க ஒரு மரம்னு நெனச்சுக்குங்கன்னுச்சு. நாப்பது வருஷம் பஸ் ஓட்டுனவன். மரத்தப் பாத்தா ஒதுங்கித்தான் பழக்கம்."

ஜானிஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். கிண்ணம், மண், கண்ணை மூடுதல் எல்லாமே என் தாளில் இருப்பது. மூன்றாவது பத்தி.

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. வானிலையைப் பற்றிப் பேசினேன்!

நவம்பர் 25, ஞாயிறு

நீ ஒரு கோழைடி டெனிஸ். சாகக் கிடக்குற மனுஷன் கழுத்துல இருந்து எடுத்தது அந்த நர்ஸ் இல்ல, நீ. திராட்சையத் தூக்கிட்டுப் போயிட்ட, வெக்கமா இல்ல?

நவம்பர் 27, செவ்வாய்

மதியம் வேலை முடிந்ததும் பெவர்லி அம்மையாரைப் போய்ப் பார்த்தேன். பாதிரி அங்கி இல்லாமல் கம்பளிச் சட்டையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கொம்பு, சத்தியம், ஏழு வரி, எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் போனை எடுத்து வார்டுக்குப் பேசினார். "ஆமாம்மா, அதுவும் மதச்சின்னம்தான். இப்பவே போட்டு விட்டுருங்க." அவ்வளவுதான். அரை நிமிடம்.

"தாள மாத்தணும்னா மாத்திரலாம் டெனிஸ். புதுசு குடுங்க. ஆனா இந்தத் தடவ எல்லாரும் பாத்துட்டுக் குடுங்க" என்றார்.

அரை நிமிட வேலை. ஒன்பது நாள் அந்த மனிதர் வெறுங்கழுத்தோடு கிடந்திருக்கிறார்.

டிசம்பர் 1, சனி

சொல்லிவிட்டேன்.

ஜானிஸ் டீ வாங்கப் போயிருந்தாள். வில்ஃபின் கை சுத்தியல் மேல் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "உங்க பத்திய நான்தான் அடிச்சேன். கார்டன் கேட்டார், நான் அடிச்சேன். சந்தைல உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார்.

வார்டில் கோப்பைப் பார்த்திருப்பார். வேறு எப்படி?

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எங்களத்தான் காணோம்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"மன்னிக்கிறது கீழ் மாடில பெவர்லி அம்மா பாத்துக்குவாங்க. அது அவங்க சரக்கு. எங்ககிட்ட அபராதம்தான் உண்டு. சத்தியத்துக்குத் தலையாட்டுன வீட்டுக்காரன்தான் அதச் சொல்லணும். சொல்லட்டா?"

சொல்லுங்கள் என்றேன்.

"புதுத் தாள். நீ எழுதக்கூடாது. அவங்கவங்க சொல்லச் சொல்ல நீ பேனாவ மட்டும் பிடிக்கணும். ஒரு வார்த்த மாத்தக்கூடாது, அடிக்கக்கூடாது. உங்க வட்டத்துக்குக் கடைசில மிச்சம் இருக்கிற எடம். அதோட, யூல் திருநாளுக்கு எல்லாரும் கூடும்போது எந்திரிச்சு நின்னு செஞ்சத நீயே சொல்லணும். கார்டன் பேர இழுக்காம."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானான்னா கேக்குற? கார்டன ஒரு பத்திக்குள்ள பேச வச்சுப் பாரு, தெரியும்." சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். பிறகு, "என் பங்கு முடிஞ்சுது. இனி உன் பங்குதான் பாக்கி" என்றார்.

சாவைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

டிசம்பர் 20, வியாழன்

யூல் கூட்டம், நீண்ட இரவு நாளுக்காக. பப் மாடியில் இருபது பேர். எழுந்து நின்று சொன்னேன். கார்டன் பேரை இழுக்கவில்லை. முடித்து உட்காரப்போகும்போது அவரே எழுந்தார். "அடிக்கச் சொன்னது நான். பயம். வேற காரணம் இல்ல" என்றார். வகுப்பெடுக்காமல் அவர் பேசி முதல்முறையாகக் கேட்கிறேன்.

மார்கோ மட்டும் கோபமாக இருந்தாள். "நம்ம வீட்டு விஷயத்த இப்படி நடுக்கூட்டத்துல போட்டு உடைப்பியா?"

2019 ஜனவரி 5, சனி

பேனாவை மட்டும் பிடிக்கிறேன். இவ்வளவு கஷ்டம் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

கார்டன் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நான்கு பக்கம். வெட்டக்கூடாதே! படித்துக் காட்டினேன், முகம் சுளித்து அவரே வெட்டினார். ஐந்து முறை போய்வந்தேன். எஸ்மி முள்மரத்தடியில் என்னை ஈரத்தில் உட்கார வைத்து, அரைமணி நேரம் பேசாமலிருந்துவிட்டு ஒரே வரி சொன்னாள்: 'எனக்குச் சடங்கு வேண்டாம், ஜன்னல் பக்கத்துக் கட்டில் வேண்டும்.' பல்டாக்டர், 'தெய்வம் இல்லை, ஆனால் பாதிரியாரையும் அனுப்பாதீர்கள்' என்றார். இலக்கணத்தைத் திருத்தக் கை துறுதுறுத்தது. திருத்தவில்லை.

ஜனவரி 19, சனி

வில்ஃப் வீட்டுக்கு வந்திருக்கவேண்டியவர். வரமுடியவில்லை, வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், அங்கே பார்க்க வருகிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். அப்படியே எழுதினேன்:

'நாங்கள் ஹீதன்கள். எங்களுக்குத் தெய்வங்கள் பலர். முன்னோர் உண்டு. கழுத்தில் இருக்கும் சுத்தியலைக் கழற்றாதீர்கள், கழற்றினால் திருப்பிப் போடுங்கள். மரமாக நினைக்கச் சொல்லாதீர்கள். சாகும் நேரத்தில் உதட்டில் கொஞ்சம் தேன்மது தடவுங்கள், டாக்டர் திட்டினால் எங்கள் பேரைச் சொல்லுங்கள். எந்த நாட்டு நர்ஸ் கையைப் பிடித்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்.'

கடைசி வரியைச் சொல்லும்போது அந்தப் பக்கம் மருந்து மாற்றிக்கொண்டிருந்த கேரளத்து நர்ஸ் ஷைனியைப் பார்த்துக் கண்ணடித்தார். "எண்ணு, எத்தன வரி?"

எண்ணினேன். ஏழு.

பிப்ரவரி 2, சனி

தாள் முடிந்தது. கடைசியில் எங்களுக்கு மிச்சம் ஒன்றரை வரி. மெழுகுவர்த்தி போயிற்று, நட்சத்திரம் போயிற்று, உப்பும் தண்ணீரும் போயிற்று. மார்கோ பேசுவதில்லை. அந்த ஒன்றரை வரியில் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்து, 'விக்காவில் இருப்பவர் வந்தால் அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்' என்று எழுதினேன். பெவர்லி அம்மையாரிடம் கொடுத்துவிட்டேன். எல்லோரும் பார்த்தார்களா என்று கேட்டார். எல்லோரும் கையெழுத்தே போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 6, புதன்

வில்ஃப் போய்விட்டார். காலை பத்தேகாலுக்கு. ஜானிஸ் போனில் சொன்னாள். ஷைனி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, வாய் துடைக்கும் பஞ்சுக் குச்சியைத் தேன்மதுவில் நனைத்து உதட்டில் வைத்தாளாம். வில்ஃப் சப்புக்கொட்டினாராம். சுத்தியல் கைக்குள் இருந்ததாம்.

தேன்மது கீத் வாங்கிக் கொடுத்தது. எனக்கே தெரியாது.

பள்ளிக்குப் போனேன். உருளைக்கிழங்கு மசித்தேன். ஒன்றும் சரியாகிவிடவில்லை, ஆனால் அழுகை நன்றாக வந்தது.

மார்ச் 23, சனி

சம இரவு நாளுக்குக் கொம்பு சுற்று. வில்ஃப் இல்லாமல் முதல் தடவை. ஜானிஸ்தான் இப்போது வீட்டுக்காரி. கீத்தையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். கார்டனும் வந்திருந்தார், ஓரமாக, கராஜ் கதவில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டு.

எல்லோரும் உட்கார்ந்ததும் ஜானிஸ் வில்ஃபின் பழைய பிளாஸ்க் மூடியை மேஜைமேல் வைத்தாள். பஸ்ஸில் டீ குடித்த ஸ்டீல் மூடி. அதில் தேன்மது ஊற்றினாள்.

"கொம்பு எங்க?" என்று நான்தான் கேட்டேன். ஏன் கேட்டேன்!

மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"மேல மேட்டு நீர்த்தேக்கத்துல கெடக்கு" என்றாள் ஜானிஸ். "கார்டன் தாள அனுப்புனாருல்ல, நான்தான் இவருக்குப் படிச்சுக் காட்டுனேன். மூணு தடவ படிக்கச் சொன்னாரு. மறுநாளே அந்த இருமலோட மேடேறி வீசிட்டு வந்துட்டாரு. விருந்தாளி சத்தியம் ஒடஞ்சா வீட்டுக்காரன் தங்கிட்ட இருக்கிறதுல நல்லதக் குடுத்துடணும். இல்லாட்டி குடிச்ச எல்லாருக்கும் கேடாம். உன்னையும் சேத்துதான்டி. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு, நீயே வந்து சொல்லணும்னு."

மறுநாள். அப்படியானால் அக்டோபர் பதின்மூன்று. வீட்டுக்கு வந்ததும் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். சந்தையில் அவர் என்னிடம் 'நம்ம பத்தி?' என்று கேட்டது இருபதாம் தேதி. கொம்பு தண்ணீருக்குள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் மீன் கடைப் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றில் மூடி என்னிடம் வந்தது. எழுந்து நின்றேன். ஜானிஸ் என்னையே பார்த்தாள். சத்தியம் எதுவும் செய்யவில்லை. அவர் பேரை மட்டும் முழுசாகச் சொன்னேன், வில்ஃப்ரெட் தாமஸ் அக்ராய்ட் என்று. குடித்தேன். மூடியின் விளிம்பு வழவழவென்று இருந்தது. கீத்திடம் கொடுத்தேன்.